மடக்குக்குடையின் பொறியமைப்பை அறிந்து வாங்குவதும் பழுது பார்ப்பதும்

பர்மாவின் தென்பகுதியில் வாழும் நமக்குக் குடை என்பது ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள் கையில் இருக்கும் கருவி. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்து, மே மாத நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிவிட்டால் அக்டோபர் வரை மழைதான். யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது. மோல்மேன் பக்கம் அதைவிட மிகுதி. இவ்வளவு பயன்படுத்தும் பொருளைப் பெரும்பாலோர் ஒரு பருவத்துக்கு ஒன்று என்று வாங்கி, கெட்டதும் எறிந்துவிடுகிறார்கள். எறியப்பட்ட குடைகளைப் புரட்டிப் பார்த்தால் துணி நன்றாகவே இருக்கும். ஏதோ ஒரு மூட்டுதான் விட்டுப்போயிருக்கும். நீளக் குடையைப் பைக்குள் அடங்கும்படி சுருக்குவதற்காக வைக்கப்பட்ட ஒவ்வொரு மூட்டும் அது கெடுவதற்கான ஓரிடமும் ஆகும். ஆகவே மூட்டுகளைப் படிக்கத் தெரிந்தவருக்குக் குடை வாங்கவும் தெரியும், சரிசெய்யவும் தெரியும்.

பெயர்களை முதலில் பேசிக்கொள்வோம். நடுவில் நிற்பது காம்பு. மடக்குக்குடையில் இது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அல்லது மூன்று குழாய்கள். காம்பின் உச்சியில், கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பள்ளம் வெட்டிய வட்டு கொண்டை. காம்பின் மேல் ஏறி இறங்குவது ஓடுவளையம். கொண்டையிலிருந்து வெளியே போய்த் துணியைத் தாங்குவது குடைக்கம்பி; பெரும்பாலான குடைகளில் 8 உண்டு. ஓடுவளையத்திலிருந்து கிளம்பி ஒவ்வொரு குடைக்கம்பியையும் கீழிருந்து முட்டுக்கொடுப்பது தாங்குகம்பி. வளையத்தை மேலே நிறுத்திவைக்கும் சிறு எஃகுத் தகடு தடுப்பு ஸ்பிரிங். பதேன் நகரில் மூங்கிலால் செய்யும் குடையிலும் கொண்டை, வளையம், கம்பி, தாங்குகம்பி ஆகிய நான்கும் இருக்கின்றன. 1852-ல் இங்கிலாந்தில் சாமுவேல் ஃபாக்ஸ் செய்த எஃகுக் குடையிலும் அவையே இருந்தன. ஃபாக்ஸ் சேர்த்தது, கம்பியைத் திண்ணமான உருளையாக வைக்காமல் தகட்டைப் பள்ளமாக வளைத்துச் செய்தது. எடை குறைந்தது, வளையாத திறன் குறையவில்லை. இன்றைய மலிவுக் குடையிலும் அந்தப் பள்ளக் கம்பியைக் காணலாம்.

முக்கோணம் ஒன்றுதான் அடிப்படை

குடை விரிவதை ஓர் அட்டை மாதிரியில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. தடித்த அட்டையில் ஒரு பட்டையைக் காம்பாக நிறுத்துங்கள். 17 சென்டிமீட்டர் நீளப் பட்டை ஒன்றை அதன் உச்சியில் குண்டூசியால் பொருத்துங்கள், இது குடைக்கம்பி. உச்சியிலிருந்து 12 சென்டிமீட்டர் தொலைவில் அந்தக் கம்பியில் ஒரு துளையிட்டு, 15 சென்டிமீட்டர் நீளத் தாங்குகம்பியின் ஒரு முனையை அங்கே மாட்டுங்கள். அதன் மறுமுனையைக் காம்பின் வழியே மேலும் கீழும் நகர்த்துங்கள். அந்த முனைதான் ஓடுவளையம் இருக்கும் இடம்.

கம்பி காம்பை ஒட்டித் தொங்கும்போது வளையம் உச்சியிலிருந்து 12-ம் 15-ம் சேர்ந்து 27 சென்டிமீட்டர் கீழே நிற்கும். கம்பி காம்புக்குச் செங்குத்தாக விரிந்து நிற்கும்போது 12, 15, 9 என்னும் செங்கோண முக்கோணம் உருவாகும். வளையம் உச்சியிலிருந்து 9 சென்டிமீட்டரில் நிற்கும். ஆக வளையம் ஓட வேண்டிய தொலைவு 18 சென்டிமீட்டர். மூடிய குடையின் நீளத்தை முடிவுசெய்வதும் இந்த 27 தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காம்பை எத்தனை குழாயாக வெட்டினாலும், இந்த இரண்டு நீளங்களின் கூட்டலுக்குக் கீழே குடையைச் சுருக்க முடியாது. ‘உள்ளங்கை அளவு’ என்று விற்கும் குடைகளில் தாங்குகம்பி குட்டையாக இருப்பதும், அதனால் முட்டு கொண்டைக்கு அருகிலேயே விழுந்து கம்பியின் பெரும்பகுதி ஆதரவின்றி நீட்டி நிற்பதும் இதன் விளைவே.

இப்போது கோணத்தை மூன்று பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். கம்பி 0 பாகையிலிருந்து 30 பாகைக்குத் திறக்கும்போது வளையம் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர்தான் நகரும். 30-லிருந்து 60-க்கு ஏறத்தாழ 7.3 சென்டிமீட்டர். 60-லிருந்து 90-க்கு 7.8 சென்டிமீட்டர். தொடக்கத்தில் வளையத்தின் சிறு நகர்வு கம்பியைப் பெரிதாக வீசுகிறது; அதாவது அந்த இடத்தில் நம் கைக்கு நெம்பு வலிமை மிகக் குறைவு. தாங்குகம்பி காம்போடு ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடப்பதால், நாம் தள்ளும் விசை கம்பியை வெளியே விலக்காமல் அதன் நீளத்தோடு மேலே போய் மூட்டில் முட்டி நிற்கிறது. நனைந்து ஒட்டிய குடையை உதறாமல் தள்ளினால் தாங்குகம்பி வளைவது இதனால்தான். கைப்பிடியைப் பிடித்துத் தலைகீழாக ஒருமுறை உதறிவிட்டு, கம்பிகள் சற்று விலகிய பிறகு வளையத்தை ஏற்றுங்கள். கடைசிப் பகுதியில் துணி இழுபட்டு எதிர்ப்புக் கூடும். ஆனால் அங்கே வளையம் நீண்ட தொலைவு ஓடுவதால் சிறு விசையே போதும். தேவை கூடும் இடத்தில் வலிமையும் கூடுகிறது என்பதே இந்த முக்கோணத்தின் அழகு.

விரிந்த குடை உறுதியாக நிற்பதற்குக் கம்பி மட்டும் காரணமன்று. 8 முக்கோணத் துண்டுகளைத் தைத்துச் செய்த துணி, கம்பிகளின் நுனியை உள்நோக்கி இழுத்துச் சற்றே வளைக்கிறது. வளைந்த கம்பி வெளியே நிமிரப் பார்க்கிறது. இரண்டின் இழுபறியில்தான் கூரை விறைத்து நிற்கிறது. ஒரு நுனியில் தையல் விட்டுப்போனால் அந்த ஒரு கம்பி மட்டும் கெடுவதில்லை; பக்கத்துக் கம்பிகள் இரண்டும் சமநிலை இழந்து திரும்பும். நுனித் தையலை அன்றே போட்டுவிட வேண்டும் என்று சொல்வது இதற்காகவே.

கம்பி மூன்றாய் மடிவது எப்படி

பெர்லினில் ஹான்ஸ் ஹாப்ட் 1928-ல் உருவாக்கிய சட்டைப்பைக் குடையின் முதன்மையான கருத்து, காம்பைக் குழாய்க்குள் குழாயாக ஒடுக்குவது. காம்பு ஒடுங்கினால் கம்பியும் ஒடுங்க வேண்டும். மழையில் நிற்பவர் 8 கம்பிகளையும் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருக்க முடியாது. வளையம் ஒன்றை ஏற்றினால் எல்லா மூட்டுகளும் தாமாகவே நிமிர வேண்டும். இதற்கு விடையாக வந்ததுதான் நான்கு சட்டங்கள் கொண்ட பின்னல்.

இன்று பெருவழக்காக உள்ள மூன்று மடிப்புக் குடையில் கம்பி மேற்கம்பி, நடுக்கம்பி, நுனிக்கம்பி என்று மூன்று துண்டாக இருக்கும். மூடிய நிலையில் மேற்கம்பி கீழ்நோக்கியும், நடுக்கம்பி மேல்நோக்கியும், நுனிக்கம்பி மீண்டும் கீழ்நோக்கியும் கிடக்கும். தாங்குகம்பி மேற்கம்பியில் ரிவெட் (முனையைத் தட்டிப் பரப்பிய சிறு ஆணி) அடித்த இடத்தோடு முடிந்துவிடாமல், அதைத் தாண்டிச் சிறிது வால்போல நீண்டிருக்கும். அந்த வாலிலிருந்து ஓர் இணைப்புக் கம்பி போய் நடுக்கம்பியைப் பிடிக்கும். வால், இணைப்புக் கம்பி, நடுக்கம்பியின் அடித்துண்டு, மேற்கம்பி ஆகிய நான்கும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் இணைகரம். தாங்குகம்பி திரும்பும்போது நடுக்கம்பியும் கூடவே திரும்பும்.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. நம் அட்டை மாதிரியில் குடை முழுவதும் விரியும்வரை தாங்குகம்பி மேற்கம்பியைப் பொறுத்து 143 பாகைதான் திரும்புகிறது. நடுக்கம்பியோ மடங்கிய நிலையிலிருந்து நேராவதற்கு 180 பாகை திரும்ப வேண்டும். உண்மையான இணைகரமாக இருந்தால் 37 பாகை குறையும். நடுக்கம்பி வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்கும். ஆகவே வாலின் நீளத்தைவிட நடுக்கம்பியில் இணைப்புப் பிடிக்கும் கைநீளத்தைச் சற்றுக் குறைத்துவிடுகிறார்கள். குறைந்த கை கூடுதலாகத் திரும்பும். இந்த வேறுபாடு சில மில்லிமீட்டர்தான். துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. இருந்தால் மடங்கிய நிலையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பின்னல் இறுகிவிடும். பழுது பார்க்கும்போது ‘எங்காவது ஒரு துளையிட்டு மாட்டிவிடலாம்’ என்று நினைப்பவர் குடையை விரிக்கையில் ஒரு கம்பி மட்டும் அரைகுறையாக நிற்பதைக் காண்பது இதனால்தான். பழைய துளையின் இடத்தை ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றாதீர்கள்.

நுனிக்கம்பிக்கு இதே ஏற்பாடு மறுபடியும் வரும். மேற்கம்பியின் முனையிலிருந்து நடுக்கம்பியை ஒட்டி ஓடும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி, நடுக்கம்பி திரும்பும் திருப்பத்தை வாங்கி நுனிக்கம்பியை எதிர்த்திசையில் நிமிர்த்தும். குடையை மெல்ல, ஒரு விரல் அளவாக ஏற்றி, ஒரே ஒரு கம்பியை மட்டும் கவனித்தால் இவை அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். படித்து விளங்காதது அந்த அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

காற்று எங்கே அடிக்கிறது

விரித்தால் 95 சென்டிமீட்டர் விட்டமுள்ள குடையின் பரப்பு ஏறத்தாழ 0.7 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று நேராக மோதினால் அதன்மேல் 4 கிலோ எடைக்கும் கூடுதலான அழுத்தம் விழும்; காற்று குழிந்த பக்கமாக நுழைந்தால் இன்னும் மிகும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். யாங்கோன் ஆற்றங்கரையிலும் மேம்பாலங்களிலும் பருவத்தின் முதல் சூறையில் குடைகள் வரிசையாகக் கவிழ்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

மூன்று மடிப்புக் குடை எளிதில் கவிழ்வதற்குத் தனிக் காரணம் உண்டு. அதன் முதல் மூட்டு மடிவது மேற்புறமாக. கீழிருந்து வீசும் காற்று தள்ளுவதும் மேற்புறமாகவே. மூட்டு தன் இயல்பான திசையிலேயே தள்ளப்படும்போது அதைத் தடுத்து நிற்பது அந்த மெல்லிய இணைப்புக் கம்பியும் வாலும் மட்டுமே. கவிழ்ந்த குடையில் முதலில் வளைந்திருப்பது அந்த இணைப்புக் கம்பியாக இருப்பது தற்செயல் அன்று. ஆனால் இதிலேயே ஒரு நன்மையும் இருக்கிறது: மடியும் திசையில்தான் கவிழ்ந்திருப்பதால், துணியைப் பிடித்து இழுக்காமல் வளையத்தை மெதுவாகக் கீழே இறக்கி மூடினால் பெரும்பாலும் எல்லாம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். நுனிகளைப் பிடித்து வலுவாகக் கீழே மடக்குபவர்கள்தான் காற்று உடைக்காமல் விட்டதை உடைக்கிறார்கள்.

கம்பியின் பொருளும் இங்கே முக்கியம். எஃகு விறைப்பானது, ஆனால் பள்ளத் தகட்டின் விளிம்பு ஒருமுறை நசுங்கினால் அந்த இடத்தில் வலிமை போய்விடும், நிமிர்த்தினாலும் திரும்பாது. கண்ணாடியிழைக் கம்பி எஃகைவிட மிக நெகிழ்வானது. காற்றில் நன்றாக வளைந்து மீளும், துருவும் பிடிக்காது. அலுமினியம் இலேசானது, வளைந்தால் வளைந்ததுதான். நல்ல குடைகளில் மேற்கம்பிக்கு உலோகமும் நடு, நுனிக் கம்பிகளுக்குக் கண்ணாடியிழையும் வைப்பார்கள். கூரையில் இரண்டு அடுக்குத் துணி வைத்து இடையில் காற்று வெளியேற வழிவிடும் குடையும் நல்லதே. அது கீழிருந்து வரும் அழுத்தத்தைக் குறைக்கும்.

வாங்கும்போது

தெயிங்ஜி சந்தையானாலும் நடைபாதைக் கடையானாலும், நிறத்தைப் பார்க்குமுன் குடையை விரித்து அடியில் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரு நுனிக்கம்பியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ரிவெட்டுகள் கலகலக்கக் கூடாது. சிறிது இளக்கம் இருக்கலாம், அது திரும்புவதற்குத் தேவை. காம்பை முழுவதும் இழுத்துப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஒரு குழாய் மற்றதற்குள் நுழைந்து நிற்கும் நீளம் குறைவாக இருந்தால் அங்கே ஆடும். குழாயில் நெடுக்கக் கோடுபோல் பள்ளம் இருந்தால் அது குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று சுழலாமல் தடுப்பதற்கு, நல்ல அடையாளம். பையில் வைத்துக்கொண்டு பேருந்திலும் ரயிலிலும் ஏறி இறங்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு என் கருத்து, மூன்று மடிப்பை விட்டு இரண்டு மடிப்பே வாங்கலாம் என்பது. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு முழு மூட்டும் அதற்கான பின்னலும் குறைகின்றன. 8 கம்பிக்கு எத்தனை ரிவெட் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

பொத்தானை அழுத்தினால் விரியும் குடையில், காம்புக்குள் ஓர் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் இருக்கிறது. விரியவும் மூடவும் செய்யும் வகையில், மூடிய பின் காம்பை நாமே அமுக்கி ஒடுக்கும்போதுதான் அடுத்த விரிப்புக்கான ஆற்றல் ஸ்பிரிங்கில் ஏறுகிறது. பாதி அமுக்கிய நிலையில் கைவிட்டால் கைப்பிடி பாய்ந்து வரும். அதை முகத்துக்கு நேரே வைத்து அமுக்காதீர்கள், குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். இவ்வகைக் குடையின் காம்பைப் பிரிக்கவே கூடாது. கம்பிகளைப் பழுது பார்க்கலாம். காம்புக்குள் கெட்டால் விட்டுவிடுவதே அறிவு.

பழுது பார்த்தல்

வேண்டியவை சிறு கூர்முனைக் குறடு, கம்பி வெட்டி, சிறு அரம், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத கம்பி, தடித்த பாலியஸ்டர் நூல், தையல் இயந்திர எண்ணெய். குடையை முதலில் நன்றாக உலர்த்துங்கள்.

மிகுதியாக வரும் பழுது, ஓடுவளையத்திலோ கொண்டையிலோ உள்ள கட்டுக்கம்பி அறுவது. 8 தாங்குகம்பிகளின் கண்களையும் கோத்து வளையத்தின் பள்ளத்துக்குள் சுற்றிக் கிடக்கும் ஒரே கம்பிதான் அது; துருவால் அறுந்ததும் தாங்குகம்பிகள் ஒவ்வொன்றாக நழுவி வெளியே வரும். பார்ப்பதற்கு முழுக் குடையும் சிதறியதுபோல் தோன்றும். உண்மையில் இதுவே மிக எளிய வேலை. பழைய கம்பியை வெட்டி எடுத்துவிடுங்கள். வளையத்தின் பற்களுக்கு இடையே தேங்கிய துருவைச் சுரண்டுங்கள். புதுக் கம்பியில் தாங்குகம்பிகளை வரிசை மாறாமல், ஒன்றின்மேல் ஒன்று முறுக்கிக்கொள்ளாமல் கோத்து, ஒவ்வொன்றையும் அதனதன் பள்ளத்தில் அமர்த்துங்கள். கம்பியின் இரு முனைகளையும் குறட்டால் இறுக்கி மூன்று முறுக்கு முறுக்கி, மிச்சத்தை வெட்டி, கூர்மையான முனையைப் பள்ளத்துக்குள் அமுக்கிவிடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் தாங்குகம்பிகள் திரும்பாது. வளையத்தை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முனையை வெட்டுவது நல்லது.

மூட்டில் ரிவெட் விழுந்திருந்தால் அதே கனமுள்ள பித்தளைக் கம்பித் துண்டை நுழைத்து, ஒரு முனையைக் கெட்டியான இரும்பின்மேல் வைத்து மறுமுனையைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். இரண்டு கம்பிகளுக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துத் தட்டி, பிறகு காகிதத்தைக் கிழித்தெடுத்தால் திரும்புவதற்கு வேண்டிய இளக்கம் கிடைக்கும்.

பள்ளக் கம்பி நடுவில் ஒடிந்திருந்தால், பழைய குடையிலிருந்து வெட்டிய 4 அல்லது 5 சென்டிமீட்டர் பள்ளத்துண்டை ஒடிந்த இடத்தின்மேல் கவிழ்த்து, இரு பக்கமும் மெல்லிய கம்பியால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். மூட்டுக்கு மிக அருகில் ஒடிந்தால் இது பலிக்காது. கட்டு மூட்டில் இடித்துக்கொண்டு குடை மூடாது. அந்தக் கம்பியையே முழுவதும் மாற்ற வேண்டும். நுனித் தையலுக்குத் துணியின் மூலையை நுனித் துளையில் ஒரே வழியாகப் பலமுறை தைக்காமல், குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு தையல் போட்டு முடிச்சிடுங்கள்.

தடுப்பு ஸ்பிரிங் துருவேறி உள்ளேயே ஒட்டிக்கொண்டால் குடை தலையின்மேல் தானே மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குச்சியால் பலமுறை அமுக்கிவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துணியில் பட்ட எண்ணெய்க்கறை போகாது. நனைந்த குடையை உறையிலிட்டு வைப்பதே இந்தத் துருவுக்கு முதற்காரணம். வீட்டுக்கு வந்ததும் பாதி விரித்து நிழலில் தொங்கவிடுங்கள். முழுவதும் விரித்து உலர்த்தினால் துணி இழுபட்ட நிலையிலேயே காய்ந்து நுனித் தையல்களுக்குச் சுமை கூடும்.

இவ்வளவும் செய்ய நேரமில்லாதவர்கள், மழைக்காலத்தில் நடைபாதையில் கருவிப்பெட்டியோடு அமர்ந்திருக்கும் குடை பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம். அவர்களிடமும் பெரும்பாலும் பழைய குடைகளிலிருந்து கழற்றிய உறுப்புகளே இருக்கும். ஆகவே முற்றிலும் கெட்ட குடையை எறியுமுன் அதிலிருந்து ஒரு முழுக் கம்பித் தொகுதியையும் ஓடுவளையத்தையும் கழற்றி, கம்பியின் நீளத்தை எழுதிக் கட்டி வையுங்கள். 21 அங்குலக் குடையின் பின்னல் 23 அங்குலக் குடைக்குப் பொருந்தாது. ஒரே நீளமாக இருந்தாலும், மாற்றுமுன் இரண்டு கம்பிகளையும் அருகருகே வைத்துத் துளைகள் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.